ஆர்கனுக்குச் சுருதி கூட்டிய பையன்: ஹென்றி பர்செல்



மாலை ஆறு மணிக்கு மேல் நம் வளாகத்தில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்குத் தெரியும், இரண்டு மூன்று வீடுகளிலிருந்தாவது கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கிரேடு தேர்வுக்குத் தயாராகும் குழந்தைகள். எங்கள் தளத்தில் இருக்கும் ஒரு சிறுமியின் பாடப் புத்தகத்தை ஒருநாள் வாங்கிப் புரட்டினேன். பாக், மோசார்ட், பீத்தோவன் என்று கேள்விப்பட்ட பெயர்களுக்கு நடுவே ஹென்றி பர்செல் என்று ஒரு பெயர். அருகிலேயே 1659–1695 என்று போட்டிருந்தது. வெறும் 36 ஆண்டுகள். யார் இவர் என்று அந்தச் சிறுமி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்ததை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம்மில் மூத்தவர்கள் இவரை அறியாமலேயே கேட்டிருக்கலாம். சிற்றலை வானொலியில் பிபிசி உலக சேவையின் ஆங்கிலச் செய்தி கேட்ட காலம் நினைவிருக்கிறதா? செய்திக்கு முன்னால் துள்ளலாக ஒரு மெட்டு ஒலிக்கும். லில்லிபுலேரோ என்பது அதன் பெயர். ஊரெல்லாம் பாடிய அந்த மெட்டு, 1689-இல் லண்டனில் அச்சான ஒரு கீபோர்டு புத்தகத்தில் பர்செல் அமைத்த வடிவில் இடம்பெற்றது.

அரண்மனைக்குப் பாடிய சிறுவன்

பர்செல் 1659-இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் பிறந்தார். அப்போது இங்கிலாந்தில் அரசர் இல்லை. உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டு பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடக அரங்குகள் 1642 முதல் மூடிக் கிடந்தன. தேவாலயங்களில் பாடகர் குழுக்கள் கலைக்கப்பட்டிருந்தன. பல இடங்களில் ஆர்கன்களையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே காட்சி மாறியது. 1660-இல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி அரசரானார். பிரான்சில் அடைக்கலமாக இருந்தபோது அங்கே கேட்ட இசை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது. பிரெஞ்சு அரசவையில் இருந்தது போலவே 24 வயலின்கள் கொண்ட குழுவை அமைத்தார். சேப்பல் ராயல் எனப்படும் அரண்மனைப் பாடகர் குழு மறுபடி உயிர்பெற்றது. அதில் ஒரு பாடகர் பர்செலின் தந்தை. அவர் பெயரும் ஹென்றிதான்.

அந்தத் தந்தை 1664-இல் இறந்துபோனார். பையனுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறைந்திருக்காது. தாய் எலிசபெத் குழந்தைகளோடு தனியாக நின்றார். அரசவைப் பாடகராக இருந்த சித்தப்பா தாமஸ் பர்செல் துணைக்கு வந்தார். மறு ஆண்டு லண்டனில் கொள்ளை நோய். அதற்கு அடுத்த ஆண்டு, 1666-இல், நகரின் பெரும்பகுதியை எரித்த பெருந்தீ. இவற்றுக்கு நடுவில்தான் அந்தச் சிறுவன் வளர்ந்தான்.

நல்ல குரல் இருந்ததால் சேப்பல் ராயலில் சிறுவர் பாடகனாகச் சேர்த்துக்கொண்டார்கள். உடை, சாப்பாடு, படிப்பு எல்லாம் அரண்மனைச் செலவு. குருவாக முதலில் கேப்டன் ஹென்றி குக். அவர் 1672-இல் இறந்ததும், பிரான்சுக்குப் போய்ப் பயின்று வந்த இளைஞர் பெல்ஹம் ஹம்ஃப்ரி. அவரும் 1674-இல் மிக இளம் வயதிலேயே இறந்துவிட, ஜான் ப்ளோ வந்தார். இந்த ப்ளோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் கடைசியில் மறுபடி வருவார்.

குரல் உடைந்த பிறகு

1673-இல் பர்செலுக்குக் குரல் உடைந்தது. சிறுவர் பாடகர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. பர்செலை வெளியே அனுப்பிவிடாமல் வேறொரு வேலையில் அமர்த்தினார்கள். அரசருடைய இசைக்கருவிகளைப் பராமரிக்கும் ஜான் ஹிங்ஸ்டனுக்கு உதவியாள். ஹிங்ஸ்டன் அவருடைய ஞானத்தந்தையும்கூட. பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆர்கன், ஹார்ப்சிகார்ட், புல்லாங்குழல் எல்லாவற்றையும் பழுது பார்த்துச் சுருதி சேர்க்க வேண்டும்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்து ஆர்கனுக்குச் சுருதி கூட்டும் பொறுப்பும் வந்தது. அதற்கு ஆண்டுக்கு 2 பவுண்டு. ஆர்கன் என்றால் நம் மேசையில் வைக்கும் பெட்டி அல்ல. நூற்றுக்கணக்கான குழாய்கள், அவற்றுக்குக் காற்றைத் தரும் துருத்தி, அதை மிதிக்க ஓர் ஆள். ஈரம் ஏறினால் ஒரு மாதிரி ஒலிக்கும், குளிர் வந்தால் வேறு மாதிரி. குழாய் குழாயாகக் காது வைத்துக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். பழைய இசைக் கையேடுகளைப் படியெடுத்துக் கொடுக்கும் வேலையும் செய்தார். முந்தைய தலைமுறையினர் எழுதியதைத் தன் கையால் வரிவரியாக எழுதியபோது அவருக்குக் கிடைத்த பாடம் எந்தப் பள்ளியிலும் கிடைத்திருக்காது.

1677-இல், 18 வயதில், அரசரின் வயலின் குழுவுக்கு இசை எழுதும் பதவி கிடைத்தது. மேத்யூ லாக் என்ற பெரியவர் இறந்து காலியான இடம் அது. 1679-இல் இன்னும் பெரிய வாய்ப்பு. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் ஆர்கன் வாசிப்பாளராக இருந்த ஜான் ப்ளோ விலகிக்கொள்ள, அந்த இடத்தில் அவருடைய மாணவர் பர்செல் அமர்ந்தார். குருவுக்கு அப்போது 30 வயதுதான்.

வருடப் பராமரிப்பு ஒப்பந்தமும் வராத சம்பளமும்

1680 வாக்கில் பிரான்சிஸ் என்ற பெண்ணை மணந்தார். அபேயைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே குடியிருந்தார்கள். வரிசையாகக் குழந்தைகள் பிறந்தன, கைக்குழந்தையாகவே பலவும் இறந்தன. 1688-இல் பிறந்த மகளும் 1689-இல் பிறந்த எட்வர்டும் பிழைத்து வளர்ந்தார்கள். இத்தனை துக்கத்துக்கு நடுவிலும், குறித்த தேதிக்குக் கேட்ட இசையை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1682-இல் சேப்பல் ராயலிலும் ஆர்கன் வாசிப்பாளர் ஆனார். 1683-இல் இரண்டு வயலின்களும் தாழ்ந்த சுரக் கருவியும் சேர்ந்து வாசிக்கும் சொனாட்டாக்களை இத்தாலிய பாணியில் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு ஹிங்ஸ்டன் இறக்க, கருவிப் பராமரிப்பாளர் பதவியும் அவருக்கே வந்தது.

பதவிகள் நிறைய, ஆனால் அரசவைச் சம்பளம் நேரத்துக்கு வராது. மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் பாக்கி நிற்கும். 1687-இல் அவர் எழுதிய ஒரு மனு நம் சங்கத்துப் பொருளாளருக்கு மிகவும் பிடிக்கும். ஆர்கன் மோசமாகப் பழுதாகிக் கிடக்கிறது, சுத்தம் செய்து சுருதி சேர்த்துச் சீராக்க 40 பவுண்டு ஆகும், பிறகு அப்படியே வைத்திருக்க ஆண்டுக்குக் குறைந்தது 20 பவுண்டு வேண்டும் என்று கணக்குக் கொடுக்கிறார். தனக்கு வர வேண்டிய பழைய பாக்கியையும் அதில் கேட்கிறார். லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நாம் போடும் வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 300 ஆண்டுகளுக்கு முந்தைய அண்ணன் என்றே சொல்லலாம்.

இன்னொரு சம்பவமும் நமக்குப் பழக்கப்பட்டதுதான். 1680-களில் லண்டன் டெம்பிள் தேவாலயத்துக்குப் புது ஆர்கன் வேண்டியிருந்தது. பெர்னார்ட் ஸ்மித், ரெனேட்டஸ் ஹாரிஸ் என்று இரண்டு ஆர்கன் தயாரிப்பாளர்கள் போட்டிக்கு வந்தார்கள். இரண்டு பேருமே ஆளுக்கொரு ஆர்கனைத் தேவாலயத்துக்குள் நிறுவட்டும், கேட்டுப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. ஸ்மித்தின் ஆர்கனை வாசித்துக் காட்டப் பர்செலும் ப்ளோவும் போனார்கள். ஹாரிஸின் பக்கம் இத்தாலியரான ட்ராகி வாசித்தார். ஆதரவாளர்கள் இரண்டாகப் பிரிந்து, இரவோடு இரவாக எதிர்த்தரப்பு ஆர்கனின் துருத்தியைக் கிழித்தார்கள் என்றுகூடக் கதை உண்டு. ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஸ்மித்தின் ஆர்கன்தான் நின்றது.

1689 ஏப்ரலில் மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடிசூடினார்கள். ஆர்கன் இருக்கும் மாடத்திலிருந்து பார்த்தால் விழா நன்றாகத் தெரியும். அங்கே உட்காரப் பணம் வாங்கிக்கொண்டு பர்செல் ஆட்களை அனுமதித்தார். அது வாசிப்பாளருக்குரிய வழக்கமான வரும்படி என்று அவர் எண்ணியிருக்கலாம். தேவாலய நிர்வாகம் அப்படி எண்ணவில்லை. பணத்தைக் கட்டு, இல்லையென்றால் வேலை போய்விடும் என்று தீர்மானம் போட்டது. செலவுக் கணக்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினார், வேலை தப்பியது.

அரசவைப் பாட்டுகள்

இனி அவர் பாட்டுகளைப் பார்ப்போம். அரசர் வெளியூர் போய்த் திரும்பினால் வரவேற்புப் பாட்டு, அரசியின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப் பாட்டு, நவம்பர் 22-இல் இசையின் காவலராகக் கருதப்படும் புனித செசிலியா நாளுக்கு ஒரு பாட்டு. தனிப்பாடகர்கள், குழுப் பாடகர்கள், வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்த நீண்ட உருப்படிகள் இவை. இப்படி 24 எழுதியிருக்கிறார். இவற்றின் சொற்கள் பெரும்பாலும் வெறும் முகத்துதி. புலவர் எழுதிக் கொடுத்த அந்தச் சாதாரண வரிகளுக்குள் உயிரை வைப்பதுதான் பர்செலின் வேலை.

சேப்பல் ராயலில் ஜான் காஸ்ட்லிங் என்று ஒரு பாடகர் இருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல். இரண்டாம் சார்லஸ் தன் படகில் உல்லாசப் பயணம் போனபோது இவரையும் அழைத்துப் போனார். கடலில் புயல் பிடித்துக்கொண்டது, அரசரே மற்றவர்களோடு சேர்ந்து பாய்மரக் கயிறு இழுக்க வேண்டியதாயிற்று என்கிறார்கள். உயிர் தப்பித் திரும்பிய காஸ்ட்லிங், கடலில் போகிறவர்களைப் பற்றிய வேதாகம வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, பர்செல் இசையமைத்தார். கடலின் ஆழத்தைச் சொல்லும் இடத்தில் குரல் இரண்டு ஸ்தாயி கீழே இறங்குகிறது. காஸ்ட்லிங் தவிர வேறு யாராலும் எளிதில் பாட முடியாத பாட்டு. 1685-இல் அரசர் இறந்துவிட்டதால் அதை அவர் கேட்கவே இல்லை.

மேரி அரசியின் பிறந்தநாள் ஏப்ரல் 30. 1689 முதல் 1694 வரை ஆறு ஆண்டுகளும் பர்செலின் புதுப் பாட்டு. ஒருநாள் அரசி, பர்செலும் காஸ்ட்லிங்கும் அரபெல்லா ஹண்ட் என்ற பாடகியும் வழங்கிய பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நடுவில் சலிப்புத் தட்டி, தெருவில் பாடும் ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார். பாடகி பாடினார், அரசி மகிழ்ந்தார். தன் இசை இருக்க, நாட்டுப்பாட்டைக் கேட்டாரே என்று பர்செலுக்கு உள்ளுக்குள் கோபம். 1692 பிறந்தநாள் பாட்டில் ஒரு பகுதிக்குத் தாழ்ந்த சுரவரிசையாக அந்த நாட்டுப்பாட்டின் மெட்டையே வைத்துவிட்டார். இந்தக் கதை பிற்காலத்தவர் எழுதி வைத்தது. ஆனால் மெட்டு மட்டும் அந்தப் பாட்டில் இன்றும் இருக்கிறது, யாரும் கேட்கலாம்.

நாடக மேடைக்குப் போனவர்

வில்லியம் போர்க்களத்து மனிதர். முடிசூடிய மறு ஆண்டே அரசவை இசைச் செலவைக் குறைத்தார். பிள்ளை குட்டிக்காரரான பர்செல் என்ன செய்வார்? நாடகக் கம்பெனிகளின் பக்கம் திரும்பினார். இன்று உலகம் கொண்டாடும் அவருடைய பாட்டுகளில் பெரும்பாலானவை, அந்த வருமானத் தேவைக்குப் பிறகு வந்த ஐந்தாறு ஆண்டுகளில் எழுதியவை.

லண்டன் மக்களுக்கு நாடகத்தில் பேச்சும் வேண்டும், பாட்டும் ஆட்டமும் வேண்டும், மேடையில் அதிசயக் காட்சிகளும் வேண்டும். முக்கியப் பாத்திரங்கள் பேசுவார்கள். பேய், தேவதை, பூசாரி, குடிகாரன், இடையர் போன்றவர்கள் பாடுவார்கள். 1690-இல் டயோக்ளீஷியன், 1691-இல் கவிஞர் ட்ரைடனுடன் சேர்ந்து கிங் ஆர்தர், 1692-இல் ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தைத் தழுவிய ஃபேரி குயின். கடைசி நாடகத்துக்கு மட்டும் 3000 பவுண்டு செலவானதாம். மக்கள் மகிழ்ந்து பார்த்தார்கள், கம்பெனிக்கு மிஞ்சியது சொற்பம்.

கிங் ஆர்தரில் ஒரு காட்சி. பனியில் உறைந்து கிடக்கும் குளிரின் தெய்வத்தைக் காதல் தெய்வம் தட்டி எழுப்புகிறது. எழுந்தவர் பற்கள் தந்தியடிக்கப் பாடுகிறார். ஒவ்வொரு அசையையும் நடுங்கிப் பாட வேண்டும் என்பதற்காகச் சுரங்களுக்கு மேல் நெளிகோடு போட்டிருக்கிறார் பர்செல். வாத்தியங்களும் கூடவே நடுங்கும். முதல் முறை கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், முடியும்போது சிரிப்பு அடங்கிவிடும்.

இந்தக் காலத்துக்குச் சற்று முன்பின்னாக எழுதிய டைடோ அண்ட் ஈனியாஸ் அவருடைய படைப்புகளில் தனியாக நிற்கிறது. முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம் அவர் எழுதியது இது ஒன்றுதான். 1680-களின் இறுதியில் செல்சியில் ஜோசையாஸ் ப்ரீஸ்ட் என்ற நடன ஆசிரியர் நடத்திய பெண்கள் பள்ளியில் மாணவிகள் இதை நடித்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரம்தான். கார்த்தேஜ் நாட்டு அரசி டைடோ, கரை ஒதுங்கிய வீரன் ஈனியாஸைக் காதலிக்கிறாள். அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். அவள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாட்டைப் பாடி உயிர் விடுகிறாள்.

அந்தப் பாட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கிரவுண்ட் பேஸ் என்று ஒரு முறை. தாழ்ந்த சுரங்களில் ஒரு சிறு வரி, பாட்டு முழுக்க மாறாமல் திரும்பத் திரும்ப வரும். டைடோவின் பாட்டில் அந்த வரி படிப்படியாக, அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழே இறங்குகிறது. ஐந்து தாள அளவு கொண்ட அது 11 முறை வருகிறது. மேலே அரசியின் குரல் அந்த வரியோடு சேர்ந்து முடிவதில்லை. வரி முடிந்து மறுபடி தொடங்கும்போது அவள் ஒரு சொல்லின் நடுவில் இருக்கிறாள். கீழே விதி தன் போக்கில் போய்க்கொண்டிருக்க, மேலே ஒரு மனுஷி இன்னும் கொஞ்சம் நேரம் கேட்பது போல இருக்கிறது. அவள் பாடி முடித்த பிறகும் வாத்தியங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒருநாள் இரவு வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு கேட்டுப் பாருங்கள்.

நாடகப் பாட்டுகள் மேடையோடு நின்றுவிடவில்லை. பிடித்த பாட்டைத் தனித்தாளாக அச்சடித்து விற்றார்கள். மாத இதழ் ஒன்று இதழோடு பாட்டையும் சேர்த்துக் கொடுத்தது. வீட்டில் ஹார்ப்சிகார்ட் வைத்திருந்த குடும்பங்கள் வாங்கிப் பாடின. மதுக்கடை நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொடங்கிப் பாடும் சுற்றுப்பாட்டுகளும் பர்செல் எழுதினார். அவற்றில் சில, குழந்தைகள் காதில் விழக்கூடாத ரகம். காலையில் தேவாலயம், மாலையில் மேடை, இரவில் மதுக்கடை என்று மூன்று இடத்திலும் அவர் இசை ஒலித்தது.

இரண்டு சவ ஊர்வலங்கள்

1694 டிசம்பர் 28-இல் மேரி அரசி பெரியம்மை கண்டு இறந்தார். வயது 32. அடக்கம் 1695 மார்ச் 5-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்தது. ஆறு ஆண்டுகள் பிறந்தநாள் பாட்டு எழுதிய பர்செல், அரசியின் இறுதிச் சடங்குக்கும் எழுதினார். எக்காளங்களுக்கு ஒரு நடை, பாடகர்களுக்கு ஒரு சிறு பிரார்த்தனைப் பாட்டு. அலங்காரமே இல்லாமல், எல்லாக் குரல்களும் ஒன்றாக அடியெடுத்து வைக்கும் பாட்டு அது.

அந்த ஆண்டு அவருக்கு ஓய்வே இல்லை. நாடகக் கம்பெனி இரண்டாக உடைந்து பெரிய நடிகர்களும் பாடகர்களும் வெளியேற, பர்செல் பழைய கம்பெனியிலேயே தங்கி இளைஞர்களை வைத்து வேலை செய்தார். ஜெம்மி போவன் என்ற சிறுவன் பாடும்போது, எங்கே எப்படிக் குரலை வளைப்பது என்று மற்றவர்கள் பாடம் எடுக்க வந்தார்களாம். அவனை விட்டுவிடுங்கள், அவனுக்கே தெரியும் என்று பர்செல் தடுத்துவிட்டார் என்று ஒரு நடிகர் பதிவு செய்திருக்கிறார். தானும் சிறுவர் பாடகராகத் தொடங்கியவர் அல்லவா!

அப்போது எழுதிக்கொண்டிருந்தது தி இண்டியன் குயின். பெயரைப் பார்த்து நம் நாட்டு ராணி என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவும் பெருவும்தான் களம். அதை முடிப்பதற்குள் படுக்கையில் விழுந்தார். காசநோயாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. இரவு தாமதமாக வந்ததற்கு மனைவி கதவைத் திறக்காமல் குளிரில் நிற்கவைத்ததால் இறந்தார் என்று ஒரு வதந்தி பின்னாளில் கிளம்பியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

1695 நவம்பர் 21. உயில் எழுதப்பட்டது. தன்னுடையது எல்லாவற்றையும் அன்பு மனைவி பிரான்சிசுக்கே என்று கையெழுத்திட்டார். அன்றே உயிர் பிரிந்தது. மறுநாள் புனித செசிலியா நாள். எத்தனையோ ஆண்டுகள் அவர் பாட்டோடு கொண்டாடப்பட்ட நாள்.

ஐந்து நாள் கழித்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், ஆர்கனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஆர்கன் மாடத்துப் பணத்துக்காக வேலையைப் பறிப்பதாக மிரட்டிய அதே நிர்வாகம்தான். எட்டு மாதங்களுக்கு முன் அரசிக்காக அவர் எழுதிய இசையையே அவருக்கும் பாடினார்கள். காலியான ஆர்கன் இருக்கைக்கு யார் வந்தது தெரியுமா? மாணவனுக்காக 16 ஆண்டுகளுக்கு முன் எழுந்து போன ஜான் ப்ளோ. திரும்பி வந்து அமர்ந்தார், 1708-இல் இறக்கும்வரை வாசித்தார். ட்ரைடன் எழுதிய இரங்கற்பாவுக்கு அவரே இசையமைத்தார். பாதியில் நின்ற தி இண்டியன் குயின் நாடகத்தின் கடைசிப் பகுதியை டேனியல் பர்செல் எழுதி முடித்தார்.

பிரான்சிஸ் செய்த வேலை

கதை இங்கே முடிந்திருந்தால், அந்தச் சிறுமியின் பாடப் புத்தகத்தில் பர்செல் இருந்திருக்க மாட்டார். அந்தக் காலத்து நாடக இசை நாடகத்தோடு போய்விடும். கையெழுத்துப் படிகள் கம்பெனிப் பெட்டியில் கிடக்கும், கைமாறும், காணாமல் போகும். பர்செலுக்கும் இது நேர்ந்தது. ஃபேரி குயின் இசைக் கையேடு தொலைந்துபோய், கண்டுபிடித்துத் தருபவருக்கு 20 கினி சன்மானம் என்று 1701-இல் கம்பெனி விளம்பரம் கொடுத்தது. யாரும் கொண்டுவரவில்லை. 200 ஆண்டுகள் கழித்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் நூலகத்தில் அது அகப்பட்டது. டைடோவுக்கோ பர்செல் தன் கையால் எழுதிய பிரதியே இன்று இல்லை. பிற்காலத்தவர் எடுத்து வைத்த படிகளால்தான் அது பிழைத்தது.

இந்த நிலையில் பிரான்சிஸ் என்ன செய்தார் பாருங்கள். கணவர் இறந்த மறு ஆண்டே, 1696-இல், அவருடைய ஹார்ப்சிகார்ட் பாடங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1697-இல் நாடகங்களுக்கு எழுதிய வாத்திய இசையும் பத்து சொனாட்டாக்களும் வந்தன. 1698-இல் ஆர்ஃபியஸ் பிரிட்டானிகஸ் என்ற பெரிய பாட்டுத் தொகுப்பு, 1702-இல் அதன் இரண்டாம் பகுதி. அரசவையும் மேடையும் கேட்ட பாட்டுகள் வீட்டு அலமாரிக்கு வந்தன. 1706-இல் பிரான்சிஸ் இறந்தார். மகன் எட்வர்ட் தந்தையைப் போலவே ஆர்கன் வாசிப்பாளர் ஆனார். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தாள்களை அடுக்கி, அச்சகத்துக்குக் கொடுத்து, அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்த அந்தப் பெண்மணியைத்தான் கதவைச் சாத்தியவர் என்று வதந்தி சொல்கிறது.

பிறகு 1710-இல் ஹேண்டல் லண்டனுக்கு வந்தார், இத்தாலிய ஓபரா ஊரைப் பிடித்துக்கொண்டது. பர்செலின் தொகுப்புகள் அலமாரிகளில் காத்திருந்தன. 1945-இல் பெஞ்சமின் பிரிட்டன், வாத்தியங்களைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்ய ஓர் இசைப்படைப்பு எழுதியபோது, 1695-இல் அப்தலாஸர் நாடகத்துக்குப் பர்செல் எழுதிய மெட்டையே எடுத்துக்கொண்டார். கல்யாணங்களில் வாசிக்கப்படும் புகழ்பெற்ற ட்ரம்பெட் வாலண்டரியும் இவருடையது என்று நெடுநாள் நம்பினார்கள். அது உண்மையில் ஜெரமையா கிளார்க் என்பவருடையது. நம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது தவறாக அனுப்பினால் திருத்துங்கள்.

கேட்க விரும்புவோருக்கு ஒரு சிறு வரிசை: டைடோவின் கடைசிப் பாட்டு, கிங் ஆர்தரின் குளிர்க் காட்சி, ஈடிபஸ் நாடகத்தில் வரும் மியூசிக் ஃபார் எ வைல், மேரி அரசியின் இறுதிச் சடங்கு இசை. நான்கும் சேர்ந்து ஒரு நடைப்பயிற்சி நேரம்தான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதை எழுதும்போது ஒன்று தோன்றியது. நம் ஆண்டு விழாக்களுக்கு நம் வீட்டுக்காரர்கள் எத்தனை நாடகம், எத்தனை பாட்டு எழுதியிருக்கிறார்கள்! அந்தத் தாள்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன? உங்கள் அலமாரியில் ஒன்று கிடந்தாலும் எடுத்து வையுங்கள், ஒரு பிரதியைச் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள். பர்செல் அளவுக்கு இல்லாமல் போகட்டும். எழுதியவருக்கும் நடித்த குழந்தைகளுக்கும் அது பெரிது.

எங்கள் தளத்துச் சிறுமிக்குப் போன வாரம் இந்தக் கதையைச் சொன்னேன். துருத்தியைக் கிழித்த கதையை மட்டும் இரண்டாவது முறை கேட்டாள். பிறகு கீபோர்டுக்குப் போய்விட்டாள். இப்போது மாலையில் அந்த மெட்டு கேட்கும்போது யாருடையது என்று எங்கள் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.